பொட்டழிச்சான்

1961 ஜூன் 5, திங்கள்

புதுக் கொப்பியில் முதல் பக்கம். மழை விடவில்லை. தேயிலைக் கொழுந்து லொறி இரண்டு தடவை சேற்றில் மாட்டிக்கொண்டது. மாயாண்டி அண்ணன் ஓட்ட, நான் பின்னால் நின்று தள்ள, சட்டையெல்லாம் சேறு.

தொழிற்சாலை வாசலில் நல்ல செய்தி ஒன்று கிடைத்தது. எங்கள் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் பொன்னையாவின் மகளைப் பார்த்துவிட்டுப் போன வட்டகொடை மாப்பிள்ளை வீட்டார், வேண்டாம் என்று ஆள் அனுப்பிவிட்டார்களாம். இது மூன்றாவது இடம். "பொட்டழிச்சான் வீட்டுலயா பொண்ணெடுக்கப் போறீங்க?" என்று யாரோ காதில் போட்டிருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ! போன ஞாயிறு டவுனில், மீராசாஹிப் கடையில், மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துச் சொன்னது நான்தான். அந்தப் பேரை ஏழு வருஷத்துக்கு முன்னால் வைத்தவனும் நான்தான்.

நல்லா வேணும் அவனுக்கு.

ஜூன் 6

புதுக் கொப்பி எடுத்தால் இதை முதலில் எழுதிவிடுவது என் வழக்கம். எழுதாவிட்டால் ஆறிப்போய்விடுமோ என்று பயம். ஆறக் கூடாது.

1954, ஆடி மாதம். என் பெண்சாதி அழகம்மா மேல்மலையில் கொழுந்து எடுக்கும்போது பாறை வழுக்கி, கூடையோடு மழைத்தண்ணி ஓடும் கானுக்குள் விழுந்தாள். தொடை எலும்பு முறிந்துவிட்டது. கம்பளியில் போட்டு நாலு பேர் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்தோம். லொறி நின்றது. பொன்னையா பையோடு வந்தான். கையில் ஊசி போட்டான். அதுவரைக்கும் சரி. அப்புறம் ஈரப் பஞ்சை எடுத்து அவள் நெற்றியிலிருந்த குங்குமத்தைத் துடைத்தான். புருஷன் நான் குத்துக்கல்லாட்டம் பக்கத்தில் நிற்கிறேன்! துடைத்த இடத்தில் ஒரு பென்சிலால் ஊதா நிறத்தில் என்னமோ கிறுக்கினான்.

"என்னங்கய்யா செய்யிறீங்க?" என்று கேட்டேன்.

"ஒனக்கு வெளங்காது. தள்ளி நில்லு" என்றான். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டான்.

அவனும் நம் ஆள்தான். கங்காணி வீட்டுப் பிள்ளை. கட்டினவள் நெற்றியில் கை வைத்தால் என்ன அர்த்தம் என்று தெரியாதவனா? லொறி நகர்வதற்குள் அந்தக் கிறுக்கலை என் துண்டால் துடைத்து, மறுபடியும் பொட்டு வைத்தேன். நான் உயிரோடு இருக்கையில் அவளை வெறும் நெற்றியோடு கொண்டுபோவேனா?

மத்தியானம் ஆஸ்பத்திரி. என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம் தூங்கினவள் எழும்பவில்லை. அங்கே நோயாளிகளைத் தூக்கி இறக்கும் ஓடலி என் தோளில் கை வைத்து, "ஊசி மருந்து கூடிப்போச்சுப்பா" என்றான்.

யார் போட்ட ஊசி? பொன்னையா போட்ட ஊசி.

அதற்குப் பிறகு அவன் இந்தத் தோட்டத்தில் ஒருத்தருக்கும் அந்த ஊசியைப் போட்டதில்லை. கை நசுங்கினாலும் மாத்திரை, கால் முறிந்தாலும் மாத்திரை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்? லொறியில் நோயாளிகளோடு போகும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். முதலுதவிப் பரீட்சையும் எழுதிச் சான்று வாங்கினேன். எல்லாம் அவனை ஒருநாள் சரியான இடத்தில் பிடிக்கத்தான்.

ஜூன் 10, சனி

இடம் வந்துவிட்டது போலிருக்கிறது.

எங்கள் பக்கத்துத் தோட்டங்கள் ஐந்தும் சேர்ந்து ஓர் அம்புலன்ஸ் வான் எடுக்கின்றன. கொழுந்துச் சாக்கின்மேல் ஆளைக் கிடத்திக்கொண்டு போகும் காலம் முடிந்தது. மாயாண்டி அண்ணன் ஓட்டுவார், நான் உள்ளே இருப்பேன். வானில் வைக்கும் பெட்டியில் நோவுக்கு என்ன மருந்து வைப்பது என்று பேசி முடிவெடுக்க மூன்று பேரை வைத்திருக்கிறார்கள். ஐந்து தோட்டத்துக்கும் மாதம் ஒருமுறை வரும் விசிட்டிங் டொக்டர் ஒருவர். எல்லா டிஸ்பென்சர்களிலும் மூத்தவன் என்று பொன்னையா. வண்டியில் போகிறவன் என்று நான்.

ஒரே மேசை. அவன் எதிரில் நான்!

ஜூன் 17, சனி

டொக்டர் கண்டிப் பக்கத்துச் சிங்களவர். தமிழ் நன்றாகப் பேசுவார். மேசைமேல் எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். ஏ.பி.சி. மாத்திரைப் போத்தல். குளோரடைன். பெத்திடின், மார்பின் ஊசிக் குப்பிகள். கடைசியில் ஒரு கறுப்பு ரப்பர் முகமூடி.

முகமூடிக்குள் ட்ரைலீன் என்று ஒரு மருந்தாம். நோயாளி அதைத் தன் கையாலேயே மூக்கில் பிடித்து மூச்சிழுக்க வேண்டும். மயக்கம் வந்தால் கை தளர்ந்து முகமூடி விழுந்துவிடும். "அதனால அளவு கூடாது" என்றார் டொக்டர்.

அளவு கூடாது. அந்த ஒரு சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"நல்லமுத்து, ரோட்டுல இவங்களுக்கு எப்படி இருக்குன்னு நீங்க சொல்லுங்க" என்றார். என்னைப் பார்த்து 'நீங்க' என்று சொன்ன முதல் டொக்டர்.

"ஆஸ்பத்திரி வரைக்கும் நாப்பத்தியொரு வளைவுங்க ஐயா. எலும்பு முறிஞ்சவங்க மொத வளைவுலயே கத்துவாங்க. வயித்துநோவுக்காரங்க பாலம் தாண்டித்தான் கத்துவாங்க. தீப்பட்டவங்க கத்தவே மாட்டாங்க, குளுருதுன்னு மட்டும் சொல்வாங்க" என்றேன். டொக்டர் எழுதிக்கொண்டார்.

பொன்னையா தொண்டையைச் செருமினான். "எலும்பு முறிவுக்கு மார்பின்தாங்க டொக்டர். குலுங்குற வண்டியில முகமூடிய யாரு பிடிச்சிக்கிட்டு இருப்பா? ஆனா குப்பி எங்கிட்ட, என் சாவியிலதான் இருக்கணும்."

"முகமூடியே வைங்க ஐயா. அவர் சாவியில இருந்தா குப்பிக்குத்தான் வயசாகும்" என்றேன். "ஏழு வருசமா அவர் ஒருத்தருக்கும் அந்த ஊசியப் போடலீங்க. கடைசியாப் போட்டது எம் பொண்டாட்டிக்கு. அவ செத்துப்போனா."

டொக்டர் அவனைத் திரும்பிப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். சர்க்கரை போடாத தேத்தண்ணிகூட இன்றைக்கு இனித்தது.

ஜூன் 18

அத்தையிடம் சொன்னேன். அழகம்மாவின் அம்மா ராக்காயி. மகள் போன பிறகும் என்னோடுதான் இருக்கிறாள், எனக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு. எனக்கு ஆறினாலும் அவளுக்கு ஆறாது.

"கெடுவான் கேடு நினைப்பான், மாப்புள. அவன விட்டுறாதீங்க" என்றாள். யார் வந்தாலும் அவள் சொல்லும் கதை ஒன்று உண்டு: "அந்தப் படுபாவி அழிச்சுட்டுப் போனான். எம் மருமகன் பொட்ட வச்சுல்ல அனுப்புனாரு!" இன்றைக்கும் பக்கத்து வீட்டில் சொன்னாள்.

ஜூன் 24, சனி

டொக்டர் ஒரு வேலை தந்திருக்கிறார். பத்து வருஷமாக எங்கள் ஐந்து தோட்டத்திலிருந்து விபத்தில் போனவர்களின் டிக்கெட்டுகளை, அதாவது வைத்தியக் குறிப்புச் சீட்டுகளை, ஆஸ்பத்திரியில் பார்த்து எழுதி வரவேண்டும். வழியில் எவ்வளவு நேரம், முன்னால் என்ன மருந்து கொடுத்திருந்தது, வந்து சேரும்போது எப்படி இருந்தார்கள். அதை வைத்துத்தான் மருந்தை முடிவு செய்வாராம். கடிதமும் தந்தார்.

பத்து வருஷம் என்றால் 1954 உள்ளே வரும். அவள் டிக்கெட்டும் வரும். எவ்வளவு மருந்தைக் குத்தினான் என்று அதில் இருக்காதா? அதைக் கொண்டுவந்து மேசையில் போடுவேன். டொக்டர் முன்னால், துரைமார் முன்னால். வேலையைப் பிடுங்கி, தட்டுமுட்டுச் சாமான்களோடு அவனை ரோட்டில் நிறுத்தாமல் விடமாட்டேன்.

ஜூலை 1, சனி

பதிவறையில் ஹலீம் நானா என்று ஒரு கிளாக்கர். பொறுமையான மனுஷன். டொக்டர்மாரின் இங்கிலீஷ் கையெழுத்து எனக்குப் பிடிபடவில்லை. அவர் வாசிக்க நான் எழுதினேன். கட்டுக் கட்டாகத் தூசி. இந்த வருஷத்திலிருந்து பின்னோக்கி, இன்றைக்கு 1957 வரைக்கும் முடிந்தது. முன்னால் கொடுத்த மருந்து என்ற இடத்தில் எல்லாருக்கும் 'இல்லை'. எங்கள் தோட்டத்துக்காரர்கள் பதினாறு பேர், பதினாறு 'இல்லை'.

அத்தனை பேரோடும் லொறியில் போனவன் நான். ஒவ்வொருத்தர் சத்தமும் ஞாபகம் இருக்கிறது. இதற்கும் சேர்த்து அவனுக்கு இருக்கிறது.

ஜூலை 8, சனி

கிடைத்தது.

ஜூலை 9

எழுத வரவில்லை.

ஜூலை 11

எழுதித்தான் ஆகவேண்டும். ஏழு வருஷம் எழுதினவன் இதை எழுதாமல் விட்டால் அவன் என்ன மனுஷன்?

ஹலீம் நானா வாசித்தார். "அழகம்மா, வயசு இருபத்தினாலு. தொடை முறிவு. ஒடம்பு சில்லிட்டு இருக்கு. கடும் நோவு. மொத ஊசிக்கான கடிதம் இல்ல. நெத்தியில அடையாளம் இல்ல. ஒன்னு நாப்பதுக்கு மார்பின் கால் கிரெயின் போட்டது."

"என்ன அடையாளம் நானா?" என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன்.

"தெரியாதா தம்பி? மார்பின் போட்டா நெத்தியில 'எம்'முன்னு எழுதி, நேரமும் எழுதி அனுப்புவாங்க. ஊதாப் பென்சில்ல. அப்பத்தான் இங்க ரெண்டாவது ஊசி போட மாட்டாங்க. இந்தப் புள்ளைக்கு எழுதாம விட்டுட்டாங்க போல."

எழுதாமல் விட்டார்களாம்.

எழுதினான். நான் பார்த்தேன். துடைத்தேன். நல்லா அழுத்தித் துடைச்சேன், போகாம இருந்துச்சு, துண்ட மழைத்தண்ணில நனைச்சு மறுபடி துடைச்சேன். ஐயோ, நான்தானே... என் கையாலதானே...

ஜூலை 12

இன்னொன்றும் இருக்கிறது. இதை எந்தக் கொப்பியிலும் நான் எழுதினதில்லை. எழுத வேண்டிய விஷயமாக அப்போது தோன்றவில்லை.

லொறி புறப்படும்போது ஓடிவந்தது அத்தை. மடியிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்து என் கையில் திணித்தவள் அவள். "வெறும் நெத்தியோடயா கொண்டுபோறீங்க? அழிச்சுட்டு வைங்க மாப்புள!" என்று கத்தினாள். அப்புறம்தான் நான் துண்டை எடுத்தேன்.

அவளுக்கு அது ஞாபகம் இல்லை. ஏழு வருஷமாக அவள் சொல்லும் கதையில் சிமிழ் கிடையாது. மருமகன் பொட்டு வைத்து அனுப்பினார், அவ்வளவுதான். அன்றைக்கு இருந்த பதைப்பில் யாருக்கு என்ன ஞாபகம் இருக்கும்?

ஜூலை 15, சனி

டொக்டரிடம் ஒரு சந்தேகம் போலக் கேட்டேன். முதல் ஊசி போட்டும் வழியெல்லாம் ஒருத்தர் முனகுவாரா?

"ஒடம்பு சில்லிட்டுப் போனா மருந்து சதைக்குள்ளயே தங்கிரும்" என்றார். "ஆஸ்பத்திரியில கம்பளி போட்டு, வெந்நீர்ப் போத்தல் வச்சு, ஒடம்பு சூடாகும்போதுதான் ரத்தத்துல கலக்கும். அதுக்குள்ள யாராவது ரெண்டாவது ஊசி போட்டா ரெண்டும் சேர்ந்து வேலை செய்யும். மூச்சு நின்னுரும். அதனாலதான் சில்லிட்ட ஆளுக்கு முகமூடி நல்லதுன்னு யோசிக்கிறேன். நீங்க சொன்னது சரி."

நான் சொன்னது சரியாம். எதற்காகச் சொன்னேன் என்று அவருக்குத் தெரியாது.

ஜூலை 18

இப்போதும் அவனைத் தொங்கவிட முடியும். 'கடிதம் இல்லை' என்று டிக்கெட்டில் தெளிவாக இருக்கிறது. ஒரு துண்டுச் சீட்டு எழுதி என்னிடம் தந்திருக்கலாம். இல்லை, வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்: இது அடையாளம், இதை அழிக்காதே. ஆறேழு வார்த்தை. சொன்னானா? கூலிக்காரனுக்கு விளங்காது என்று குடையை விரித்தான். அதுவும் கொலைதானே?

டிக்கெட்டின் நகலை மேசையில் போட்டுவிட்டு நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். 'அடையாளம் இல்லை, கடிதம் இல்லை.' அவன் எழுதவே இல்லை என்று ஆகிவிடும். வேலை போய்விடும். நான் இத்தனை வருஷம் கேட்டது அதைத்தானே?

யாருக்கும் தெரியப் போவதில்லை.

எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும், தான் எழுதினான் என்று.

ஜூலை 22, சனி

நகலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் போனேன்.

மருந்துப் பட்டியல் முடிந்துவிட்டது. சில்லறை நோவுக்கு ஏ.பி.சி. உடம்பு சில்லிட்டவருக்கு முகமூடி, ஊசி கிடையாது. உடம்பு சூடாக இருந்து எலும்பு முறிந்தவருக்கு மார்பின், வான் புறப்படுமுன் டிஸ்பென்சர் போட வேண்டும். பெத்திடின் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு. குளோரடைனை எடுத்துவிட்டார்கள்.

"மார்பின் போட்டா நெத்தியில எழுதணும். சட்டம் அது" என்றான் பொன்னையா.

சட்டைப்பையில் கை வைத்தேன். வைத்த கையை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

"நெத்தி வேணாங்க" என்றேன். "எங்க ஆளுங்க அடிபட்டவங்கள வெறும் நெத்தியோட வண்டியேத்த மாட்டாங்க. யாராவது தொடச்சுட்டு விபூதி பூசுவாங்க, பொட்டு வைப்பாங்க. எழுத்து நிக்காது. மணிக்கட்டுல அட்டை கட்டி, அதுல எழுதுவோம். பக்கத்துல நிக்கிற சொந்தக்காரங்ககிட்ட வாயாலயும் சொல்லணும்."

டொக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இத்தனை வருஷத்துல யாரும் இத எனக்குச் சொல்லலையே" என்றார்.

பொன்னையா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினான். "யாரு தொடச்சா?" என்று கேட்டான், மெதுவாக.

"நான்தான்" என்றேன்.

ஜூலை 23

நேற்று மிச்சத்தை எழுதவில்லை. வெளியே வந்ததும் ஒபிஸ் வராந்தாவில் என்னை மறித்தான். வெற்றிலைக் கறை படிந்த பல்லெல்லாம் தெரிய, அழுகிறானா சிரிக்கிறானா என்று தெரியாத முகம்.

"ஆஸ்பத்திரியில இருந்து கேட்டப்ப, எழுதுனேன்னு சொன்னேன். ஒருத்தன் நம்பல. இனிமே அந்த ஊசியத் தொட்டா வேல போயிரும்னு ஒபிஸ்ல எழுத்துல குடுத்தாங்க. நான் அந்த ஆஸ்பத்திரி ஓடலியத்தான் ஏழு வருசமாச் சபிச்சுக்கிட்டிருந்தேன், அவன்தான் கழுவி விட்டுட்டான்னு. நீயாடா?"

அப்போ அந்தப் பதினாறு 'இல்லை'யும் என் கை வேலைதானா...

"அன்னிக்கே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேய்யா?" என்று நானும் கத்தினேன்.

"இருவது பேரு நின்னீங்க. மழை. ஒவ்வொருத்தனுக்கும் பாடம் நடத்திக்கிட்டா..." பாதியில் நிறுத்திவிட்டான். கண்ணாடியை மாட்டிக்கொண்டான். "எம் மக வயசு என்ன தெரியுமா ஒனக்கு? நீ பேரு வச்சப்ப அவளுக்கு இருவது. பெரட்டுல சொல்லு, நல்லமுத்து. எல்லாரும் நிக்கிற நேரத்துல, நீயே சொல்லு. நீ சொல்லலைன்னா நான் சொல்வேன். அந்த டிக்கெட்ட வரவழைச்சு, ஒவ்வொரு லயமா, வீடு வீடாப் போய் வாசிப்பேன். ஒன் அத்தக் கெழவிகிட்டயும் போய்க் கேட்பேன், அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு."

கிழவியிடம் கேட்பானாம்.

ஜூலை 26

மூன்று நாளாக அத்தை போட்ட சோறு இறங்கவில்லை. "ஒடம்புக்கு என்ன மாப்புள?" என்கிறாள். அவன் வந்து கேட்டால், ஒன்று விட்டு ஒன்று கேட்டால், அவளுக்குச் சிமிழ் ஞாபகம் வந்துவிடும். அப்புறம் அவள் எத்தனை நாள் இருப்பாள்?

அவன் கேட்குமுன் நான் சொல்லிவிட வேண்டும்.

ஜூலை 31, திங்கள்

சொல்லிவிட்டேன்.

காலைப் பெரட்டில், மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா பேர் கூப்பிட்டு முடித்ததும், ஒரு நிமிஷம் தாருங்கள் என்று கேட்டு முன்னால் போய் நின்றேன். பெண்கள் கூடையோடு, ஆண்கள் கத்தியோடு. பொன்னையா ஓரத்தில் குடையோடு நின்றான். தன் மகளையும் கூட்டிவந்து பக்கத்தில் நிறுத்தியிருந்தான். அந்தப் பெண்ணை இவ்வளவு கிட்டத்தில் இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

"எம் பொண்டாட்டி நெத்தியில ஐயா எழுதுனது மருந்து அடையாளம். அத அழிச்சவன் நான். அழிச்சதால ஆஸ்பத்திரியில ரெண்டாவது ஊசி போட்டாங்க. அதுலதான் அவ போனா. ஐயா மேல கொலப்பழி போட்டதும், அந்தப் பேர வச்சதும் நான்தான். அந்தப் பேர இனி யாரும் சொல்லாதீங்க."

பின்னாலிருந்து ஒருத்தன் காறித் துப்பினான். கண்டாக்கு ஐயா, "சரி, சரி, மலைக்குப் போங்க" என்றார். அந்தப் பெண் என்னை ஒருதரம் பார்த்தாள். ரோட்டில் கிடப்பதை மிதித்துவிடாமல் தாண்டிப் போகிற பார்வை. நான் சொன்னதால் அவளுடைய ஏழு வருஷம் திரும்பி வருமா?

அத்தை இரண்டாவது வரிசையில் நின்றாள். கூடைக்கயிற்றைத் தலையில் மாட்டினவள், கழற்றினாள். மலைக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் 1

நேற்று வீட்டுக்கு வந்தபோது அடுப்பு பற்றவைக்கவில்லை.

"நெசமா?" என்று கேட்டாள். நெசம் என்றேன்.

"குங்குமம் ஏது ஒங்ககிட்ட?" என்று கேட்டாள்.

இத்தனை வருஷமாக இந்தக் கேள்வியை யாருமே கேட்டதில்லை. அவள் கண்ணைப் பார்த்தேன். அதில் ஞாபகம் இல்லை, வெறும் கேள்விதான் இருந்தது.

"மாரியம்மன் கோயில்ல வாங்கி மடியில வச்சிருந்தேன், அத்தை" என்றேன்.

பிறகு ஏசத் தொடங்கினாள். என்னென்ன சொன்னாள் என்று எழுத முடியாது. "எம் மகளக் கொன்னுட்டு ஏழு வருசம் எங் கையால தின்னியேடா பாவி!" அது ஒன்று போதும். முதல்முறையாக என்னை 'டா' போட்டாள். பானையை உடைத்தாள். லயமே வாசலில் கூடிவிட்டது.

குடுத்தது நீங்கதானே? வாய்வரைக்கும் வந்தது. ஒரே ஒரு வார்த்தை, அவள் சத்தம் அப்படியே நின்றிருக்கும். திருப்பி அடிக்காமல் நான் எப்போது இருந்திருக்கிறேன்?

விழுங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 3

காலை பஸ்ஸில் அத்தை பூண்டுலோயாவிலிருக்கும் தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். மூட்டையைத் தூக்க நான் கை நீட்டினேன். தொடவிடவில்லை.

ஆகஸ்ட் 21, திங்கள்

வானின் முதல் ஓட்டம். மரம் வெட்டும்போது கிளை விழுந்து காலொடிந்த மூக்கன். பொன்னையா ஐயா ஊசி போட்டார். அட்டையில் எழுதி மணிக்கட்டில் கட்டிவிட்டு, மூக்கனின் அம்மாவைக் கூப்பிட்டு, அட்டையைக் காட்டி, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். அவள் இரண்டு தடவை கேட்டாள், இரண்டு தடவையும் சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை. குப்பிச் சாவியைத் தானே இடுப்பில் செருகிக்கொண்டார். என்னோடு பேச்சு கிடையாது, இனியும் இருக்காது.

நாற்பத்தியொரு வளைவிலும் மூக்கன் கத்தவில்லை. இருபதாவது வளைவில் எனக்குத்தான் தாங்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

செப்டெம்பர் 17, ஞாயிறு

மாயாண்டி அண்ணன் உறவுக்காரர் கலியாணத்துக்குப் பூண்டுலோயா போய்விட்டு வந்தார். அத்தை அங்கே பைப்படியில், கோயிலில், கொழுந்து நிறுக்கும் இடத்தில், எங்கே நின்றாலும் என்னைக் கொலைகாரன் என்றுதான் சொல்கிறாளாம். அந்தத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக்கூட என் பேர் அதுதானாம்.

"அன்னிக்கு லொறி ஓட்டுனவன் நான்டா" என்றார். "கண்ணாடியில பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். சிமிழ ஒங் கையில குடுத்தது யாருன்னு எனக்குத் தெரியும். ஒரு வார்த்த சொல்லட்டா அங்க போய்?"

"நீங்க சரியாப் பாத்திருக்க மாட்டீங்கண்ணே. மழை" என்றேன்.

அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

அவளுக்கு இருமல் என்றும் சொன்னார். நாளைக்கு டிஸ்பென்சரியில் ஒரு போத்தல் இருமல் மருந்து கேட்டு வாங்க வேண்டும். அடுத்த முறை போகும்போது கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றார் அண்ணன். நான் கொடுத்தனுப்பியது என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம் என்றேன்.